எட்டாம் கிலோமீட்டர் வளைவு

அக்காவின் சமையலறையை இடித்து நிலத்தை ஒப்படைக்கச் சொல்லி ரயில்வேயிலிருந்து வந்த நோட்டீசோடு, ஆதாரம் என்று ஒரு படத்தையும் பின்குத்தி அனுப்பியிருந்தார்கள். படம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து எடுத்தது. படத்தில் தெரிந்த ரயில் பாதையை அந்த விளையாட்டில் போட்டவர் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. நோட்டீசைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவரும் அவரே. படத்தைப் பார்த்துவிட்டு அவர் முதலில் சொன்னது, "என் பேரைப் போடாம விட்டுட்டாங்களே."

தெருவில் அவருக்குப் பல்செட்டுக்காரர் என்று பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பட்டறையில் இருபது வருட வேலை. கடைவாய்ப் பல் ஒன்று அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டாலும் ஒரு மனிதனின் சாப்பாடே கெட்டுப்போகும் என்பார். பட்டறையில் செலவழித்தது போக மிஞ்சிய கவனத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து ரயில் பாதையில் கொட்டினார்.

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிற விளையாட்டுகள் உண்டு. இருக்கிற பாதையில் ஓட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் சாதாரண ஜனங்கள். இன்னொரு ரகம் உண்டு. நிஜத்தில் மூடிப்போன பாதைகளைத் தேடிப்பிடித்து, மறுபடி தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, பெயர்ப்பலகைக்கு எந்த மஞ்சள் என்று மூன்று மாதம் சண்டை பிடித்து, அதற்குப் பிறகுதான் ரயிலை விடுவார்கள். பல்செட்டுக்காரர் இந்த ரகத்தின் சிகரம். நாற்பது வருடத்துக்கு முன் மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிட்ட முப்பத்தொரு கிலோமீட்டர் பாதையை அவர் ஆறு வருடத்தில் திரும்பக் கட்டியிருந்தார். நிஜ ரயிலில் ஏறினால் பத்தாவது நிமிடம் அவருக்குக் குமட்டும். எங்கே போவதானாலும் பஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அளவு நாடாவோடு கிளம்பிவிடுவார். பாலத்துத் தூணின் செங்கல் இடுக்கைப் பல் அளக்கும் கருவியால் அளந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். முக்கியமாக எல்லைக் கற்கள். ரயில்வே தன் நிலத்தின் ஓரத்தில் எண் செதுக்கி நட்டுவைத்த கற்கள் அங்கங்கே புதரில் கிடந்தன. கல் இருக்கும் இடம் தெரிந்தால் பாதை ஓடிய இடம் தெரிந்துவிடும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் ஒரு கல்லும் கண்ணில் படாது. இருந்தாலும் அத்தனை கல்லையும் எண்ணோடு விளையாட்டில் நட்டார்.

எட்டாம் கிலோமீட்டரில்தான் சிக்கல். அங்கே குடியிருப்புகள் வந்து கற்கள் எல்லாம் போயிருந்தன. மிஞ்சியது ஒன்று, இருநூற்று ஏழு. அது அக்காவின் வீட்டில், சமையலறையை ஒட்டிய சந்தில் இருந்தது. அக்கா அதில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பல்செட்டுக்காரர் வாளியை நகர்த்திவிட்டுக் கல்லை நான்கு பக்கமும் படம் எடுத்தார், அளந்தார், பாதையை அதற்கு ஏற்ப வளைத்தார். வளைவு கொஞ்சம் முரட்டு வளைவாக விழுந்தது. ரயில் அங்கே ஒரு குலுக்குக் குலுக்கியது. அந்தக் காலத்து எஞ்சினியர்களின் துணிச்சல் என்று குறிப்பில் எழுதி, 'வேகத்தைக் குறைக்கவும்' என்று பலகையும் வைத்தார். பாதையை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்ட பதினோராயிரம் பேர், பல தேசத்து ஆட்கள், அந்த இடம் வந்ததும் பயபக்தியோடு பிரேக் பிடித்தார்கள். எதற்காகப் பிடிக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இந்தப் புகழ் ரயில்வே நில அலுவலகம் வரை போய்விட்டது. பழைய பாதையில் நடைபாதை போட அவர்களுக்கு உத்தரவு வந்திருந்தது. வரைபடங்களோ, மாடியில் குழாய் வெடித்த ஒரு நல்ல நாளில் கூழாகிவிட்டிருந்தன. மூன்று மாதம் முன்பு நில அதிகாரி அம்மா நேரே வீட்டுக்கு வந்து, எங்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது சார் என்றார். அரசாங்கம் ஒன்று தன்னை சார் என்றது பல்செட்டுக்காரருக்கு அதுவே முதல் முறை. டீ கொடுத்தார். கேட்டதைக் கொடுத்தார், கேட்காததையும் கொடுத்தார். எல்லைக் கற்களின் முழுப் பட்டியலைப் பென்டிரைவில் போட்டுக் கையில் வைத்து, சந்துக்கே கூட்டிப்போய் இருநூற்று ஏழைக் காட்டி, இதோ பாருங்கள் எண் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றார். அந்தக் கல்லிலிருந்து கோடு இழுத்தால் சமையலறை முழுசாக ரயில்வே பக்கம் விழும் என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை. அதிகாரிக்கு எட்டியது.

நோட்டீஸ் வந்த அன்று மாலை கீழ்வீட்டுக் கூடத்தில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். கீழே அக்காவும் அத்தானும், மாடியில் பல்செட்டுக்காரரும் மனைவியும் என்று பிரித்துக்கொண்டு வாழ்கிற வீடு. சமையல் மட்டும் ஒரே அடுப்பு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை, அதற்குள் மறுப்பு இருந்தால் தெரிவிக்கலாம் என்று அத்தான் இரண்டாம் தடவை படித்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தக் காகிதத்தையும் திருப்பிப் பின்பக்கம் பார்க்காமல் விடமாட்டார்.

பல்செட்டுக்காரர் தன் அளவுகளில் பிழையே கிடையாது என்று விளக்க ஆரம்பித்தார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அளவெல்லாம் சரியா இருக்கு?"

"அச்சு அசலா இருக்குக்கா."

"சரி. அப்ப நாளைலேர்ந்து எங்க சமைக்கறதுன்னும் அளந்து சொல்லிடு."

 மனைவிதான் விஷயத்துக்கு வந்தார். நோட்டீசுக்கு இருக்கிற ஒரே ஆதாரம் இவர் போட்ட பாதை. பாதை தப்பு என்றால் நோட்டீசும் தப்பு.

"ஏங்க, இத்தன வருஷத்துல உலகத்துல ஒருத்தர்கூடவா நீங்க போட்டது தப்புன்னு சொல்லல?"

சொன்னவர் ஒருவர் இருந்தார். ரயில் பிரியர்களின் இணையக் குழுவில் ஜன்னலோரம் என்ற பெயரில் எழுதுகிற மனிதர், வேறொரு ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். எட்டாம் கிலோமீட்டர் வளைவு பதினோரு மீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது, இவ்வளவு நெருக்கமான வளைவில் நிஜ எஞ்சின் போனால் கவிழ்ந்துவிடும் என்று நான்கு வருடமாக, மாதம் தவறாமல், வரைபடத்தோடு எழுதிவந்தார். பல்செட்டுக்காரர் முதலில் கிண்டல் செய்தார், பிறகு மாத்திரை எண்ணுகிறவனுக்கு மீட்டரைப் பற்றி என்ன தெரியும் என்றார், கடைசியில் அவருடைய எழுத்தே தன் கண்ணில் படாதபடி தடை போட்டுவிட்டார்.

இப்போது தடையை நீக்கி, 'நலமா?' என்று ஒற்றைச் சொல் அனுப்பினார். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: 'பதினோரு மீட்டர்தானே?'

ஜன்னலோரம் புதன்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் நாற்பத்தாறு பக்கக் கோப்பு. வெற்றி பெற்றவருக்குரிய அடக்கம் அவரிடம் மருந்துக்கும் இல்லை. வாசலிலேயே பக்கம் பன்னிரண்டைத் திறந்தார். அக்கா, முதலில் சாப்பிடுங்கள், பிறகு என் தம்பியைத் திட்டலாம் என்று உட்காரவைத்தார். சாப்பிட்டு முடித்ததும் ஜன்னலோரம் சந்துக்குப் போய் இருநூற்று ஏழாம் கல்லைச் சுற்றி வந்தார். அளவு நாடா எடுக்கவில்லை. படம் எடுக்கவில்லை. கதவோரம் நின்ற அத்தானைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கல்ல இங்க யாருங்க போட்டது?"

"நான்தான்," என்றார் அத்தான்.

வீடு கட்டும்போது துவைக்கிற கல் வேண்டும் என்று அக்கா கேட்டாராம். பின்னால் சாக்கடைக்கரையில் ஒன்று சும்மா நட்டுக்கொண்டு நின்றதாம். கொத்தனாரின் தள்ளுவண்டியில் ஏற்றி, இரண்டு பேராகத் தள்ளிக்கொண்டு வந்தாராம். அங்கிருந்து இங்கே எத்தனை தூரம் இருக்கும் என்று ஜன்னலோரம் கேட்டார். வேண்டுமென்றேதான் கேட்டார். ஒரு பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும் என்றார் அத்தான்.

 தண்டவாளத்தைப் பராமரித்து ஓய்வு பெற்ற கேங்மேன்களைத் தேடி மூன்று மாவட்டம் அலைந்தவர் பல்செட்டுக்காரர். ஆவணக் காப்பகத்தில் தும்மிக்கொண்டே பதினாறு நாள் உட்கார்ந்தவர்.

"ஏன் அத்தான் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே மச்சான். டேப்ப வச்சு அளந்த, சுத்திச் சுத்திப் போட்டோ புடிச்ச. ஏதோ கல்லு மேல ஆசைன்னு நெனச்சேன்."

அப்படியானால் வேலை முடிந்தது என்று நினைத்தால், முடியவில்லை. ரயில்வே கல்லைப் பெயர்த்து எடுத்தது குற்றம். முப்பது வருடம் டிக்கெட் இல்லாதவர்களைக் காலரைப் பிடித்து இறக்கிவிட்ட அத்தான், தன் வாயால் அதை அதிகாரி முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சட்டையை இஸ்திரி போட எடுத்துவைத்துவிட்டு, சரி, சொல்லிவிடுகிறேன் என்றார். சமையலறை போனால் பட்டினி முதலில் தனக்குத்தான் என்பதை அவர் யோசித்திருந்தார்.

விசாரணை நடந்த அறையில் ஆறு நாற்காலி, அதில் இரண்டுக்குக் கை இல்லை. ஜன்னலோரம் நாற்பத்தாறு பக்கத்தையும் விளக்கினார். யாரும் நிறுத்தாததால் இரண்டு பக்கத்தை மறுபடி விளக்கினார். அத்தான் எழுந்து, கல்லை நகர்த்தியது நான், அப்போது அது கல் என்று மட்டும்தான் தெரியும் என்றார். நில அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பல்செட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"சார், இவங்க சொல்றது இருக்கட்டும். ஆதாரம் உங்களது. உங்க வளைவு தப்புன்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்களா?"

 பல்செட்டுக்காரர், முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது என்று ஆரம்பித்தார். அன்றைக்குக் கிடைத்த சான்றுகளின் அடிப்படையில், ஒரு கோணத்தில் பார்த்தால், என்று வாக்கியம் சுற்றிக்கொண்டு போனது. அதிகாரி பேனாவை மூடப்போனார்.  பக்கத்து நாற்காலியிலிருந்த அக்கா மடியில் வைத்திருந்த சாப்பாட்டுத் தூக்கைத் தம்பி பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். காலையில் அந்தச் சமையலறையில் சமைத்தது, இன்னும் சூடாக இருந்தது.

பல்செட்டுக்காரர் காகிதத்தை வாங்கி எழுதினார். எட்டாம் கிலோமீட்டரில் நான் போட்ட வளைவு தவறு. பதினோரு மீட்டர். 'தவறு' என்ற சொல்லை எழுத மட்டும் பல் ஒன்றைச் செதுக்குகிற நேரம் பிடித்தது. ஜன்னலோரம் எட்டிப் பார்த்து, அதன் கீழே தேதி போடச் சொன்னார்.

நோட்டீஸ் ரத்தானது. நடைபாதை சாக்கடைக்கரையோடு போகும் என்று முடிவாயிற்று. ரயில்வே சொத்து என்று கல்லை மட்டும் இரண்டு பேர் வந்து தூக்கிப்போனார்கள். அத்தானை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவர் அந்த எச்சரிக்கைக் கடிதத்தின் பின்பக்கத்தையும் பார்த்தார்.

மிச்சம் இருந்தது விளையாட்டுப் பாதை. விளையாட்டில் தண்டவாளம் எல்லாம் ஒன்றோடொன்று கோத்தது; ஒரு வளைவைப் பதினோரு மீட்டர் நகர்த்தினால் அதற்குப் பின்னால் இருக்கிற இருபத்து மூன்று கிலோமீட்டரும் நகரும். எல்லாவற்றையும் பிரித்துப் போட இரண்டரை மாதம் ஆயிற்று. ஜன்னலோரம் தினமும் போன் செய்து மேற்பார்வை பார்த்தார். முடித்த அன்று அக்கா முதல் தடவையாக மாடி அறைக்கு வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஓட்டிக் காட்டு என்றார். ரயில் எட்டாம் கிலோமீட்டரை அலுங்காமல் கடந்தது.

"நம்ம வீடு எங்கடா?"

அங்கே வெறும் புல்தான் இருந்தது. ரயில் ஓடிய காலத்தில் வீடு கிடையாது, அதனால் போடவில்லை என்று அவர் விளக்கினார்.

"போடு."

"அக்கா, அப்படிப் போட்டா வரலாறே தப்பாயிடும்."

"ஏன், தப்பாப் போட்டுப் பழக்கமில்லையா? சமையலறையப் போடு. வெளக்கு எரியணும்."

இப்போது அந்தப் பாதையில் ரயில் ஓட்டுகிறவர்கள் எட்டாம் கிலோமீட்டர் தாண்டும்போது, இடப்பக்கம், ஆளில்லாத புல்வெளி நடுவே, வீடே இல்லாமல் ஒரு சமையலறை மட்டும் விளக்கெரிய நிற்பதைப் பார்க்கலாம். அது என்ன கட்டடம் என்று குழுவில் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்குத் தன்னிடம் எழுத்துப்பூர்வ ஆதாரம், ரயில்வே அனுப்பிய நோட்டீசே, இருப்பதாகப் பல்செட்டுக்காரர் பதில் எழுதுகிறார். ஜன்னலோரம் மறுப்பு எழுதவில்லை.