ஆட்டோவில் போன என் மனைவியின் குரல்

என் மாமனாருக்கு இரண்டு கடைகள். பெரம்பலூர் கடையை அவரே பார்த்துக்கொள்கிறார். அரியலூர் கடை என் மச்சான் பொறுப்பு. இரண்டிலும் ஃபேன், ஏர்கூலர், கிரைண்டர், பீரோ, கட்டில் என்று ஒரு குடித்தனத்துக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். போன வருஷம் பங்குனியில் மாமனாருக்குத் திடீரென்று விளம்பர ஆசை வந்தது. ஒரு ஆட்டோவின் தலையில் ஸ்பீக்கரைக் கட்டி, பெரம்பலூர் கடையின் பேரைச் சொல்லிக்கொண்டு குன்னம் வட்டாரத்து ஊர்களெல்லாம் சுற்றிவர அனுப்பினார். அதற்குப் பேசி ரெக்கார்டு செய்து கொடுத்தது என் மனைவி.

அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். 'வாழ்நாள் முழுக்க உழைக்கும் பீரோ' என்று அவள் சொல்லும்போது அந்த ழகரத்துக்காகவே ஆட்டோ பின்னால் கொஞ்ச தூரம் நடக்கலாம்.

சித்திரையிலும் வைகாசியிலும் வியாபாரம் எகிறியது. மாமனார் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எல்லாம் எம் பொண்ணு பேசுன ராசி" என்று பூரித்தார். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது வெடித்தது.

"வெயிலு கொளுத்துச்சு, ஃபேன் வித்துச்சு. முகூர்த்தம் வந்துச்சு, பீரோ வித்துச்சு. இதுல ஆட்டோ என்னப்பா பண்ணுச்சு?"

மாமனார் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க கம்ப்யூட்டர்ல இதத்தானே வேலையா பாக்குறீங்க. கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

உண்மைதான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் பெரம்பலூர் வீட்டிலிருந்தபடியே விற்பனை எண்களை அலசிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கட்டிய மனைவியின் குரலை எடை போடுவதற்கு முன் எவனும் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் அன்று மாலையே லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்.

ரெக்ரஷன் என்று பேர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. வியாபாரம் ஏறியதற்கு வெயில், முகூர்த்தம், மக்காச்சோளம் விற்ற காசு, ஆட்டோ என்று பல காரணங்கள் ஒரே நேரத்தில் கைதூக்குகின்றன. மற்றவை அப்படியே இருக்க இது ஒன்று மட்டும் மாறினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் வேலை. ஆட்டோ போகாத அரியலூர் கடையை அளவுகோலாக வைத்தேன். வெயிலும் முகூர்த்தமும் இரண்டு ஊருக்கும் பொது. அங்கே ஏறியதைவிட இங்கே கூடுதலாக ஏறியிருந்தால் அது ஆட்டோவின் கைங்கரியம்.

கூடுதல் ஒன்றும் இல்லை. இரண்டு கடையும் ஜோடி மாடு மாதிரி சேர்ந்தே ஏறியிருந்தன. ஆட்டோவின் பங்கு ஏறக்குறைய பூஜ்யம்.

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் மாமா" என்றேன், அடுத்த ஞாயிறு. மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியின் கை அப்படியே நின்றது.

"அப்ப நான் காக்காவா?"

அந்த வாரம் முழுக்க எனக்குக் காபி வந்தது, பேச்சு வரவில்லை. சனிக்கிழமை காலையில் அவளே வாயைத் திறந்தாள். "வண்டிய எடுங்க. ஆட்டோ பின்னாடியே போயிப் பாப்போம். யாரும் காதுல வாங்கலன்னா நானே அப்பாகிட்ட நிறுத்தச் சொல்லிடறேன்."

பைக்கில் பின்தொடர்ந்தோம். குன்னத்தைத் தாண்டி அரியலூர் பக்கமாக ஒரு ஊர். ஒரு வீட்டு வாசலில் சில பெண்கள் சின்ன வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ சத்தம் கேட்டதும் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "இந்தப் பொண்ணு சொல்லித்தாண்டி நாங்க போயி கிரைண்டர் எடுத்தோம்" என்றார்.

என் மனைவி வண்டியிலிருந்து ஏறக்குறைய குதித்தாள். தான்தான் அந்தப் பொண்ணு என்று சொல்லாமல், "பெரம்பலூர் போயி எடுத்தீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"அங்க எதுக்கு? பெரம்பலூருன்னா குன்னத்துல எறங்கி மாறணும். அரியலூருக்கு நேர் பஸ்ஸு. ரெண்டும் ஒரே ஆளு கடைதானுங்களே?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆட்டோ அழைத்த சனம் அரியலூர் கடைக்கும் போயிருக்கிறது. எதை வைத்து அளந்தேனோ அந்த அளவுகோலையே ஆட்டோ நீட்டிவிட்டிருக்கிறது. பிறகு வித்தியாசம் எங்கே தெரியும்?

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"நான் போட்ட கணக்கு தப்பு."

"ஆட்டோ சத்தத்துல கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை இரண்டு கடை வியாபாரத்தையும் சேர்த்தே எடுத்தேன். ஆட்டோ எந்த வாரம் போகும், எந்த வாரம் நிற்கும் என்பதை நல்ல நாள் பார்த்து மாமனார் முடிவு செய்யக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்; முகூர்த்த வாரமாகப் பார்த்து அனுப்பினால் வியாபாரம் ஏறியது எதனால் என்று மறுபடியும் பிரிக்க முடியாது. ஞாயிறுதோறும் மாமியார் சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டு எடுப்பார், வந்தது வந்ததுதான். ஐப்பசியில் ஒரு முகூர்த்த வாரம் பார்த்து 'நிற்கும்' என்று வந்தபோது மாமனார் வாய்விட்டே புலம்பினார். ஆனாலும் மீறவில்லை.

தை பிறந்ததும் முடிவைச் சொன்னேன். "ஆட்டோ போற வாரம் வியாபாரம் கூடுது மாமா. வெயிலுக்கும் முகூர்த்தத்துக்கும் பக்கத்துல வச்சா சின்னதுதான். இவ்ளோன்னு துல்லியமாவும் சொல்ல முடியல. ஆனா கூடுது. கூடுறதுல பெரும்பங்கு அரியலூர் கடைக்குத்தான் போவுது."

எல்லார் கண்ணும் மச்சான் மேல் போனது. அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "இப்ப என்ன, ஆட்டோ வாடகையில நானும் பங்கு குடுக்கணுமா?" என்றார்.

"குடுத்தா நல்லாருக்கும்" என்றார் மாமியார்.

மச்சான் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: விளம்பரத்தில் அரியலூர் பேரும் வரவேண்டும், அதுவும் முதலில். மாமனார் முறைத்தார். தீர்த்து வைத்தது என் மனைவி. ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் இரண்டு விதமாகப் பேசிக் கொடுத்தாள். இப்போதெல்லாம் ஆட்டோ கிளம்பும்போது பெரம்பலூர் முதலில் வருகிறது. குன்னம் வந்ததும் டிரைவர் ஓரங்கட்டி ஒரு டீ குடிக்கிறார், மற்றதைப் போட்டுக்கொண்டு அரியலூர் பக்கம் திரும்புகிறார்.