திருப்பிக் கொடுத்த முந்திரி

நெய்வேலியில் பிளாக் பிளாக்காக மனிதர்கள் இருந்தார்கள். எனக்குத்தான் ஒருவரும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்தவள் நான். கணவர் சுரங்கத்துக்கு ஷிப்ட் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேச்சுத்துணை அடுத்த வீட்டுக்காரி மட்டும்தான். பக்கத்துக் கிராமத்துச் சேரியில் பரம்பரையாகக் கூலி வேலை செய்த குடும்பம். அவள் கணவருக்கும் சுரங்கத்தில் வேலை பர்மனன்ட் ஆகியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் என் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டது. உடம்பெல்லாம் அரிப்பு, எலும்பில் வலி. டாக்டர் பொறுமையாக விளக்கினார். சாப்பாட்டில் பாஸ்பேட் என்று ஓர் உப்பு இருக்கிறதாம். மிஞ்சுவதைச் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டும். அது ஓய்ந்துவிட்டால் உப்பு ரத்தத்தில் தேங்கி, சுண்ணாம்புச் சத்து குறையும். உடனே கழுத்திலுள்ள சின்னச் சுரப்பிகள் எலும்பைக் கரைத்து ஈடுகட்டப் பார்க்கும். உடம்பே உடம்பைத் தின்பதா, என்ன கண்றாவி ஏற்பாடு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சாப்பாட்டோடு குடிக்க வெள்ளை மருந்து ஒன்று கொடுத்தார். வயிற்றிலேயே அந்த உப்பைப் பிடித்துக்கொள்ளுமாம். பால், பருப்பு, முந்திரி கூடாது.

அந்த வாரமே அடுத்த வீட்டுக்காரி டப்பா நிறைய முந்திரியோடு வந்தாள். "எங்கம்மா வூட்லேர்ந்து எடுத்துக்கினு வந்தேங்க்கா. சாருக்குத் தெம்பா இருக்கும்."

"அவருக்கு இது ஆகாதும்மா" என்றேன்.

முந்திரி ஆகாத நோயாளியைப் பண்ருட்டிப் பக்கத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? அவள் கை பட்டதால்தான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நினைக்காமல் என்ன செய்வாள், ஊரில் அவள் கண்டதெல்லாம் அதுதானே. டப்பாவை எடுத்துக்கொண்டு போனவள் அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே அவர் முனகுவார், வெளியே பேச ஆள் இல்லை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

ஒருநாள் மதியம் பொறுக்க முடியாமல் அவள் சமையலறையில் போய் உட்கார்ந்தேன். "பசிக்குது, சோறு போடு."

தட்டு வைத்துப் போட்டாள். தட்டைத் துடைத்தாற்போல் சாப்பிட்டேன். பிறகுதான் கேட்டாள், "சாருக்கு நெசமாவே ஆகாதுங்களா?"

டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னேன். அன்றிலிருந்து எது கொண்டுவந்தாலும் வாசலிலேயே, "பருப்பு போடலீங்க்கா" என்பாள்.

சில மாதங்களில் அவர் போய்விட்டார். அடுப்பு எரியாத வீட்டுக்கு அவள்தான் சோறும் ரசமும் கொண்டுவந்தாள்.

"பருப்பு போடலீங்க்கா..." என்று தொடங்கியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

சாப்பிட நான் ஒருத்திதான் இருந்தேன்.