சுருதி சேராத பாட்டு

இலங்கை மலைநாட்டில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த கருப்பம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பாட்டென்றால் உயிர். ஆனால் குரல் கட்டை. மேலே போனால் பிசிறும். பாடி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, "நல்லா இருந்துச்சா?" என்று கேட்பாள். யாராவது ஒப்புக்குத் தலையாட்டினால் போதும், அன்று முழுதும் கூடை பாரமே தெரியாது.

1952இல் வீரய்யாவைக் கட்டிக்கொண்டு மேல் டிவிசனில் ஒட்டியொட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றுக்கு வந்தாள். அந்த மார்கழியில் கோயில் பஜனையில் சேர்ந்தாள். சில நாளில், பஜனையை நடத்திய பொன்னையா கங்காணி அவளைத் தனியே கூப்பிட்டார்.

"தாயி, தப்பா நெனைக்காத. வரிசையில நில்லு, வாயை மட்டும் அசைச்சாப் போதும். ஆளுங்க சிரிக்கிறாங்க."

"சரிங்க கங்காணி" என்றாள். அதன்பிறகு ஒவ்வொரு மார்கழியும் வாயை மட்டும் அசைத்தாள். முகம் கோணாமல் நின்றதால் எல்லாரும் அவளை நல்ல பெண் என்றார்கள். வீட்டில்கூடப் பாடுவதை விட்டுவிட்டாள்.

1957இல் அவளுக்கு அம்மை கண்டது. வீரய்யா மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டான். வேளைக்குக் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு எட்ட நின்று குரல் கொடுப்பான். அம்மை கண்ட வீட்டில் ஆத்தாளுக்குப் பாட்டுப் பாடுவது லயத்து வழக்கம். வழக்கமாகப் பாட வரும் பெரியாயி, தன் வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் வரவில்லை.

வேப்பிலைமேல் எரிச்சலோடு கிடந்த கருப்பம்மா ஒரு மத்தியானம் தானே பாடத் தொடங்கினாள். முதலில் ஆத்தாளுக்கு. பிறகு நடவுப்பாட்டு, பாதி மறந்துபோன கல்யாணப்பாட்டு, எல்லாம். குரல் முன்னைவிட மோசமாக இருந்தது. பாடி முடித்துப் பழக்கத்தில் முகம் பார்க்கத் திரும்பினாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக் கிடந்தாள். மனது நிறைந்துதான் இருந்தது. அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.

உடம்பு தேறி, அந்த வருட மார்கழி பிறக்குமுன் பொன்னையாவிடம் போனாள்.

"இனி வரிசைக்கு வரலைங்க கங்காணி."

"கோவமா தாயி?"

"கோவமில்லீங்க. எனக்குப் பாடணும்."

மலையில் கொழுந்தெடுக்கும்போது பாடினாள். "காது வலிக்குதுடி" என்றாள் பெரியாயி.

"அப்பாலே நெரை புடிச்சுக்கங்க அக்கா."

பெரியாயி நிஜமாகவே வேறு தேயிலை வரிசைக்குத் தள்ளிப் போய்விட்டாள். வேறு சிலரும் போனார்கள். அன்று கருப்பம்மாவுக்குக் கண் கலங்கத்தான் செய்தது. ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை.

"தோட்டமே சிரிக்குது. எனக்கு வெக்கமா இருக்கு" என்றான் வீரய்யா.

"நல்லா இல்லைன்னு தெரியும். நானுந்தானே கேட்டுக்கிட்டுப் பாடுறேன்?"

அவள் பாடத் தொடங்கினால் அவன் சில நாள் எழுந்து வெளியே போனான். பிறகு பழகிக்கொண்டான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கனகசுந்தரம் மாஸ்டர் வந்தார், ஆர்மோனியம் வாசிப்பவர். ஒருநாள் அவளை வழிமறித்தார்.

"ஆசையாப் பாடுறியள். ஆனா சுருதி சேரேல்லை. வாங்கோ, நான் சொல்லித்தாறன்."

"சொல்லிக்குடுத்தா சந்தோசந்தாங்க ஐயா."

சில ஞாயிற்றுக்கிழமைகள் மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். மாஸ்டர் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் ஆர்மோனியத்தை மூடிவிட்டு, சங்கடத்தோடு தலையை அசைத்தார். கருப்பம்மா கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

இறக்கத்தில் பாடிக்கொண்டே வந்தவளிடம், "வாத்தியாரு என்னம்மா சொன்னாரு?" என்று மகள் கேட்டாள்.

"வராதுன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டு, விட்ட அடியிலிருந்து தொடர்ந்தாள்.