தம்பி தூங்கிய மத்தியானம்

மலேசியாவில், லுக்குட் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் நானும் தம்பியும் பால்மரம் வெட்டி, வடியும் பாலைச் சேகரித்தோம். அவனுக்கு மனநோய். காதில் குரல்கள் கேட்கத் தொடங்குமுன் தூக்கம் போய்விடும், கூடவே காய்ச்சலும் வரும். அவனைப் பார்த்துப் பார்த்து நான் ஓய்ந்துபோயிருந்தேன்.

இந்தமுறை அவனைச் சேர்த்த சிரம்பான் ஆஸ்பத்திரியில், அவன் ரத்தத்தைச் சோதித்த டாக்டரிடம், "தூங்காததால காய்ச்சலா, காய்ச்சலால தூங்கலையா?" என்று கேட்டேன்.

"உடம்பு எதையோ எதிர்த்துச் சண்டை போடுதுன்னு ரத்தத்துல தெரியுதும்மா. எது முதல்லன்னு எங்களுக்கே தெரியாதுலா. முதல்ல தூங்க வைப்போம்," என்றார்.

அதுவரை எல்லோரும் பேய் என்றோ, என் கவனக்குறைவு என்றோதான் சொல்லியிருந்தார்கள். தெரியாது என்று ஒருவர் சொன்னது ஆறுதலாக இருந்தது.

ஊசி போட்டதும் தம்பி அயர்ந்து தூங்கினான். நாற்காலியில் நானும் தூங்கிவிட்டேன். விழித்தபோது அவன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"நீ நல்லாத் தூங்குனக்கா. எழுப்ப வேணாம்னு ஊசி போட்ட மிஸ்ஸிகிட்ட சொல்லிட்டேன்," என்றான்.