ஐம்பது நிமிடம் டயரில் காற்று இல்லை

பழனிக்கு ஒரே நாளில் போய்வர வேண்டும் என்பது என் மனைவி கமலத்தின் நெடுநாள் ஆசை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராவல்ஸ் வேனில் கிளம்பினோம். ஆளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய், காலைப் பலகாரம் சேர்த்து. இதே பயணத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். உதவுமா என்பதில் எனக்கே சந்தேகம்தான்.

மொத்தம் இரண்டு வேன்கள். கமலத்துக்குப் பயணத்தில் வாந்தி வரும். அதனால் முதல் வேனின் முன் இருக்கையைக் கேட்டு வாங்கினேன். எனக்கு இரண்டாவதில்தான் இடம். கைபேசியை எங்காவது தொலைத்துவிடுவாள் என்று அதையும் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அதை முன்யோசனை என்று நினைத்தேன். ஆனையூரிலிருந்து அவள் வேன் 6.10க்கும் எங்கள் வேன் 6.30க்கும் புறப்பட்டன.

சமயநல்லூர் தாண்டியதும், 6.55க்கு, ஓட்டுநர் முருகேசனுக்கு அழைப்பு வந்தது. டீக்கடை ஓரம் நிறுத்தினார். "டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துட்டுப் போவோம்." நான் இறங்கி எல்லா டயரையும் சுற்றி வந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வண்டியைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னேன்.

7.15க்கு டீக்கடைக்காரர் கேட்டார்: "வாடிப்பட்டி பக்கம் வேன் ஒண்ணு கவுந்துருச்சாம்ல?"

"நாலு பேரு போயிட்டாகளாம்ணே," என்றார் டீ குடித்துக்கொண்டிருந்தவர்.

டிராவல்ஸ் அலுவலகத்துக்கு போன் செய்தேன். "ஓனர் வந்து சொல்வாங்க சார்." மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறை எடுக்கவில்லை. பயணக்குழுவின் வாட்ஸ்அப்பில் கேட்கலாம் என்று போனால், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றியிருந்தார்கள். என் பையில் இரண்டு கைபேசிகள் இருந்தும் அவளைக் கூப்பிட வழியில்லை.

7.45க்கு முருகேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஐயா, அது நம்ம வண்டிதான். ஆடு குறுக்க வந்து, ஒதுக்குனதுல வயல்ல சாஞ்சிருச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல. ஒருத்தருக்குக் கை ஒடிஞ்சிருக்கு."

"யாருக்கு?"

"தெரியாதுய்யா. தெரிஞ்சதத்தான் சொல்றேன். சொல்லக் கூடாதுன்னு ஆபீஸ்ல உத்தரவு. நீங்க போனும் கையுமாத் தவிக்கிறதப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்க? ஏறுங்க."

அவர் சொன்ன 'தெரியாது'கூட எனக்குத் தெம்பாக இருந்தது.

பன்னிரண்டு கிலோமீட்டர். வரப்பு ஓரத்தில், சேற்றுச் சேலையோடு கமலம் நின்றிருந்தாள். இரண்டு கையும் முழுசாக இருந்தன. கை ஒடிந்தது அவள் வேனின் ஓட்டுநருக்கு.

"எம்புட்டு நேரமா நிக்கிறேன்! அடுத்தவங்க போனை வாங்கினா உங்க நம்பர் ஞாபகம் வரல. என் போன் உங்க பையில சொகமா இருக்காக்கும்?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை.

9.20க்கு வாட்ஸ்அப்பில் அலுவலகத்தின் செய்தி வந்தது: 'தவிர்க்க முடியாத காரணத்தால் சிறு தாமதம். ஒத்துழைப்புக்கு நன்றி.' கோபப்பட எனக்கு முழு உரிமை இல்லை. முப்பது வருடம் ஓர் அலுவலகத்தில் 'விவரம் உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும்' என்று நானே எழுதியிருக்கிறேன். எல்லாம் உறுதியான பிறகு சொல்லலாம் என்ற பயம் எனக்குப் புரியும். ஆனால் அதற்குள் டீக்கடையில் நாலு பேரைக் கொன்றுவிடுகிறார்கள். உறுதியான ஒன்றையாவது உடனே சொல்லியிருக்கலாம்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஏதாவது ஆனால் எனக்கு யார் போன் செய்வார்கள், எவ்வளவு நேரத்தில்? நான் கேட்கவில்லை.

பழனி போகவில்லை. வாடிப்பட்டியில் இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். கைபேசியைக் கமலத்திடமே கொடுத்துவிட்டேன். பாதி வழியில், பக்கத்து இருக்கையிலிருந்தே அவளுக்கு ஒரு முறை அழைத்துப் பார்த்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.