பின்கதவுத் திறப்பு

செலஸ்ரீனா மன்னாரில் பிறந்தவர். இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த புதிதில் வீடுகளில் கிழவிகளைப் பராமரித்தார். பிறகு நகரின் அல்பெர்கேரியாப் பகுதிக்கு அருகில் ஒரு கல்லூரியில் துப்புரவு வேலை கிடைத்தது. கீழ்த்தள விறாந்தை அவர் பொறுப்பு. அதன் கோடியிலுள்ள பின்கதவைப் பூட்டும் திறப்பு அவருடைய மேலங்கிப் பையில் கிடக்கும்.

அந்த மார்ச் மாதம் கல்லூரி கொதித்துக்கொண்டிருந்தது. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பித்து வரவில்லையென்று ஆபிரிக்க மாணவர்கள் சிலரை நிர்வாகம் விடுதியிலிருந்து வெளியேற்றியது. அவர்களும் இத்தாலிய மாணவர்களுமாகக் கட்டடத்துக்குள் புகுந்து குந்திவிட்டார்கள். அவர்களில் காம்பியாக்காரன் எப்ரிமாவைச் செலஸ்ரீனாவுக்கு நன்றாகத் தெரியும். துடைத்த நிலம் ஈரமாக இருந்தால் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சுவரோரமாகப் போகிறவன். அவரை “ஸியா” என்பான். சின்னம்மா என்பது போல.

வெள்ளிக்கிழமை காலை பொலிஸ் முன்வாசலால் வந்தது. முற்றத்தில் இருந்த இத்தாலியப் பிள்ளைகளிடம் அடையாள அட்டை கேட்டு வெளியே அனுப்பினார்கள். கறுப்புப் பிள்ளைகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தடியால் தொடங்கினார்கள். பிள்ளைகள் கீழ்த்தளத்துக்கு ஓடினார்கள்.

பூட்ஸ் சத்தம் கேட்டதும் செலஸ்ரீனாவின் கை தானாக இயங்கியது. யுத்தத்தில், ஆமியின் சுற்றிவளைப்புக் காலத்தில், மன்னார் வீட்டில் பழகிய ஒழுங்கு: பின்கதவைப் பூட்டு, விளக்கை அணை, நிலத்தில் படு. பூட்டினார், அணைத்தார், பக்கத்துச் சாமான் அறைக்குள் வாளிகளுக்கு நடுவே படுத்தார். அங்கே பின்கதவால் ஆமி வரும். இங்கே அது தப்பி ஓடுகிறவர்களின் வழி. அது மூளைக்கு எட்டும்போது பூட்டிய பின்கதவில் கைகள் மோதிக்கொண்டிருந்தன.

“ஸியா! திறவுங்கோ! ஸியா!”

திறப்பு உள்ளங்கையில் இருந்தது. அவர் எழும்பவில்லை.

எப்ரிமாவின் கை முறிந்தது. பொலிஸ்காரர் இருவரை உள்ளே அடைத்துத் தாக்குவதற்காக அவன்தான் கதவைப் பூட்டினான் என்று அவன்மீதே வழக்குப் போட்டார்கள். சாட்சி சொல்லச் செலஸ்ரீனாவைக் கூப்பிட்டார்கள்.

“அவங்கள் கேக்கிறதுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா,” என்றார் கணவர் ஏர்னஸ்ற். “எங்கடை பெர்மெசோ அவங்கடை மேசையிலை கிடக்கு. கறுவல்களின்ரை சண்டைக்கை உனக்கென்ன வேலை?”

“நாங்கள் என்ன வெள்ளையே? பஸ்ஸிலை எந்த வெள்ளை எங்களுக்குப் பக்கத்திலை வந்து இருக்கிறான்?”

“விசரி. அவனோடை சேர்ந்து நீயும் உள்ளை போ!”

பொலிஸ் நிலையத்தில் விசாரித்த அதிகாரி அவரை இருக்கச் சொல்லவில்லை.

“சின்யோரா, கதவைப் பூட்டினது அந்தக் காம்பியாக்காரன். அப்படித்தானே?”

“இல்லை. நான்தான் பூட்டினன்.”

“ஆர் சொல்லி?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. பூட்ஸ் சத்தம் கேட்டுது.”

அதிகாரி பக்கத்திலிருந்தவனைப் பார்த்துச் சிரித்தார். “எங்களுக்குப் பயந்தவவாம்! உங்களைக் காப்பாற்றத்தானே வந்தனாங்கள்.”

“அடிச்ச சத்தமும் கேட்டுது. ‘கை, கை’ எண்டு அவன் குழறினவன். பிறகும் அடிச்சவை.”

சிரிப்பு நின்றது. “உன்ரை பெர்மெசோ எப்ப முடியுது?”

“ஓகஸ்ற்றிலை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுத்தான் வந்தனான்.”

கதவைப் பூட்டிய குற்றம் எப்ரிமாவின் தலையிலிருந்து இறங்கியது. அடித்தவர்கள் மீது வழக்கே இல்லை. துப்புரவு நிறுவனம் செலஸ்ரீனாவை இனி வரவேண்டாம் என்றது. ஓகஸ்ற் போய்விட்டது, பெர்மெசோ இன்னும் வரவில்லை. ஏர்னஸ்ற் அவருடன் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

பின்னர் ஒருநாள் பல்லரோச் சந்தையில், மீன்கடைகளின் முன்னால், எப்ரிமா எதிரே வந்தான். முறிந்த கை நேராக நீளவில்லை. செலஸ்ரீனா பையைக் கீழே வைத்தார்.

“எப்ரிமா, சுகமா இருக்கிறியா?”

“உங்கடை சாட்சியைப் பற்றி வக்கீல் சொன்னவர்,” என்றான். ஸியா என்று சொல்லவில்லை. “நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுதா?”

“கேட்டுது.”

“திறப்பு எங்கை இருந்தது?”

“கையிலை.”

அவன் தலையசைத்தான். மீன்காரன் அப்போதுதான் கழுவிவிட்ட தண்ணீரில் சப்பாத்தோடு மிதித்துக்கொண்டு போனான். அழுக்குத் தண்ணீர் செலஸ்ரீனாவின் சேலையில் தெறித்தது. அவர் விலகவில்லை.