இயன்றவரை

தேர்தல் முடிவு வந்த சூட்டோடு ஆய்வுக்கூடத்தின் பெயர்ப்பலகையை மாற்ற ஆள் வந்துவிட்டது. அறிவியல், பொறியியல் அமைச்சகத்தோடு இளைஞர் விளையாட்டையும் புது அரசு சேர்த்துவிட்டதாம். பழைய பலகையில் அத்தனைக்கும் இடமில்லை. ஏணியில் நின்ற பெயின்டர் குனிந்து, "பொறியியலை எடுத்துடலாமா மேடம்?" என்று கேட்டார்.

"என்னை ஏங்க கேக்கறீங்க? அவங்களே எடுத்துடுவாங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் பாலத்தக்கா.

ஆய்வுக்கூடத்து இளசுகள் வைத்த பெயர் அது. கட்டுமானப் பொறியியல் படித்த நாளிலிருந்து பாலங்களுக்கு அடியில் தொங்கியே காலத்தைக் கழித்தவள். நாட்டின் பழைய ஆற்றுப் பாலங்களின் அடிவயிற்றில் உள்ளங்கையளவு சென்சார்களை ஒட்டி வைத்திருந்தாள். மேலே லாரி போகும்போது பாலம் எப்படி நடுங்குகிறது என்று அவை ஓயாமல் அளந்து அனுப்பும். நடுக்கம் மாறினால் உள்ளே எங்கோ விரிசல் விடுகிறது என்று பொருள். ஆனால் ஒருநாள் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வெயிலில் ஒரு மாதிரி நடுங்கும், குளிரில் வேறு மாதிரி. வருடக்கணக்கில் விடாமல் அளந்தால்தான் எது இயல்பு, எது நோய் என்று பிடிபடும். அது பிடிபடத் தொடங்கிய நேரம் பார்த்துத்தான் ஆட்சி மாறியது.

முந்தைய ஆட்சியில் தொடங்கிய ஆய்வுகள் எல்லாம் மறுபரிசீலனை முடியும்வரை நிறுத்தம் என்று உத்தரவு வந்தது. அன்று மாலையே சென்சார்களின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். பாலத்தக்கா துறைச் செயலரைப் போனில் பிடித்தாள்.

"அளக்கறதை நிறுத்திட்டீங்க சரி, லாரியை யாரு சார் நிறுத்தறது? அது பாட்டுக்குப் போயிட்டுதானே இருக்கு?"

"கொஞ்சம் பொறுமையா இருங்கம்மா. புது அரசு. எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

சொன்னார்தான். போன ஆட்சி வந்தபோது அவளுடைய அணைக்கட்டு ஆய்வு இப்படித்தான் நின்றது, நின்றது நின்றதுதான். கட்சி மாறும், கொடி மாறும், செயலரின் குரலில் இருக்கும் வழுவழுப்பு மட்டும் மாறாது.

வீட்டில் அவள் புருஷன் பல் டாக்டர். அவள் தூங்கும்போது பல்லை நறநறவென்று கடிப்பதைக் கவனித்துவிட்டார். "கடவாய்ப்பல் தேய ஆரம்பிச்சிருச்சு. அரசாங்கம் அஞ்சு வருஷத்துல போயிடும், பல்லு திரும்ப வராது, பாத்துக்க" என்றார். அவள் சிரிக்கவில்லை.

விடாமல் நச்சரித்ததில் அமைச்சரைப் பார்க்க நேரம் கிடைத்தது. பெரிய அறை. சுற்றிலும் அதிகாரிகள். அமைச்சர் தீவுக்காரர், வெள்ளைச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, அவள் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். அதுவே அவளுக்கு ஆச்சரியம்.

"எங்க ஊருக்குப் பாலமே கிடையாதும்மா. பிரசவத்துக்குக்கூடப் படகுலதான் கூட்டிட்டுப் போறோம். பாலம் கட்டித் தர்றேன்னு சொல்லித்தான் ஓட்டு கேட்டேன். இருக்கற பாலத்துக்கு வைத்தியம் பாக்கவா என்னை அனுப்பினாங்க?"

நியாயமான கேள்விதான். அதனாலேயே அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"புதுசு கட்டுங்க சார், வேணாம்னு சொல்லல. ஏற்கெனவே மாட்டி வெச்சதை ஏன் அணைக்கணும்? போன ஆட்சியில தொடங்கினாங்கங்கறதுக்காகவா? எந்தப் பாலமும் யாருக்கும் ஓட்டு போடலையே சார்!"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அமைச்சர் சிரிக்கவில்லை. செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

அடுத்த வாரமே தேசிய அறிவியல் கொள்கையைப் புதிதாக எழுதும் குழுவுக்கு அவளை மாற்றினார்கள். பார்க்கப் பதவி உயர்வு மாதிரி இருக்கும். ஆனால் அங்கே போனவர்கள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதில்லை. ஜன்னல் திறக்காத ஓர் அறையில் ஏற்கெனவே கடல் அலை அளந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க யாரை எதிர்த்துப் பேசினீங்க?" என்றாள் பாலத்தக்கா.

"போன அமைச்சரை" என்றார் அவர். "இவங்க வந்ததும் விட்டுடுவாங்கன்னு பாத்தேன். என்னை மறந்தே போயிட்டாங்க."

இருவரும் சேர்ந்து ஒரு பத்தி எழுதினார்கள். தொடர்ந்து நடக்கும் அளவீடுகளை ஆட்சி மாறியது என்ற காரணத்துக்காக நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். அது மேலே போய்த் திரும்பி வந்தபோது, 'இயன்றவரை நிறுத்தக் கூடாது' என்று ஆகியிருந்தது.

அவள் அந்தச் சொல்லை அடித்து அனுப்பினாள். அது மறுபடியும் முளைத்து வந்தது. மறுபடி அடித்தாள். செயலரே அறைக்கு வந்துவிட்டார்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. அதுக்குப் போய் இவ்வளவு பிடிவாதமா?"

"அந்த ஒரு வார்த்தை இருந்தா மத்த வார்த்தையெல்லாம் எதுக்கு சார்? 'இயன்றவரை திருட மாட்டேன்'னு ஒருத்தன் சொன்னா வீட்டுச் சாவியைக் குடுப்பீங்களா?"

"அது இல்லாட்டி கொள்கையே வெளிய வராது. உங்க இஷ்டம்."

அன்று முழுக்க அவளுக்கு மண்டை காய்ந்தது. கடைசியில் அலைப் பெரியவர்தான், "வார்த்தை கிடந்துட்டுப் போகட்டும். கீழ இன்னொரு வரி போடலாமே?" என்றார். இயலாமல் போனால், ஏன் இயலவில்லை என்று அமைச்சர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். செயலர் அதைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். கோப்பை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

கொள்கை வெளியானது. இணைப்பை நிறுத்தியே வைக்க அமைச்சரின் கையெழுத்து வேண்டும் என்று கோப்பு போனதும், அவர் சற்று நேரம் பேனாவை உருட்டினாராம். நாளைக்கு ஏதாவது ஒன்று இடிந்தால் தன் பெயர் அல்லவா அதில் நிற்கும்? "மாட்டி விட்டுட்டாளே! சரி, இணைப்பைப் போட்டுத் தொலைங்க" என்றாராம். சென்சார்களுக்கு உயிர் வந்தது. பாலத்தக்காவையும் ஆய்வுக்கூடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள்.

வந்த முதல் வாரமே ஒன்று கண்ணில் பட்டது. துறைமுகச் சாலைப் பாலத்தின் நடுக்கம் பழையபடி இல்லை. அளவீடு நின்றிருந்த மாதங்களில் ஒரு வெள்ளமும் வந்து போயிருந்தது. விரிசல் மெல்ல வளர்ந்து அடங்கிவிட்டதா, வெள்ளத்தில் விழுந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அதைச் சொல்ல வேண்டிய அளவீடுதான் இல்லையே! தொடர்ந்து அளந்திருந்தால் லாரியை மட்டும் தடுத்தால் போதுமா என்று சொல்லியிருப்பாள். இப்போது மொத்தமாக மூடச் சொல்வதைத் தவிர வழியில்லை. மூடினார்கள்.

நகரமே சுற்றுப்பாதையில் ஊர்ந்தது. அவளும் அதே நெரிசலில், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற அம்மாள் வெடித்தாள்: "நல்லா இருந்த பாலத்தை மூடி வெச்சிருக்காங்க. எந்த அறிவாளி செஞ்ச வேலையோ!"

பாலத்தக்காவுக்குத் தேர்தலிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் சொல்ல வாய் துடித்தது. எங்கே தொடங்குவது?

"நான்தாம்மா மூடச் சொன்னேன்" என்றாள்.

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்போ திறப்பீங்க?"

"உள்ள இறங்கிப் பாத்துட்டுதான் சொல்ல முடியும். அதுக்குதான் போயிட்டிருக்கேன். பஸ்ஸு நகர மாட்டேங்குதே!"

"அப்ப இறங்கி நடங்களேன், இங்க நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று அதட்டினாள் மீன்காரம்மா.

அதுவும் சரிதான் என்று தோன்றியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, நிற்கும் லாரிகளுக்கு நடுவே புகுந்து, முணுமுணுத்துக்கொண்டே ஆற்றை நோக்கி நடந்தாள்.